கேட்டவர் எழுத முடிகிற பெயர்: குமரி மாவட்டத் தொழில்களுக்கு டொமைன் தேர்வு

தோவாளையில் பூ வியாபாரம் செய்பவர், முட்டத்தில் கடலோரமாக நாலு அறை வைத்து விடுதி நடத்துபவர், மார்த்தாண்டத்தில் தேன் விற்பவர் என்று யார் வெப்சைட் தொடங்கினாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "டொமைன் பெயரில், அதாவது இணையதள முகவரியில், ஊரும் பொருளும் இருந்தால் கூகுளில் மேலே வருமா?" ஒரு காலத்தில் வந்தது. தேடும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு, உள்ளே உருப்படியாக எதுவும் இல்லாத தளங்களை 2012 செப்டம்பரில் கூகுள் கீழே தள்ளியது. டொமைனில் உள்ள சொற்களை இன்றும் அது பார்க்கிறது. ஆனால் கூகுள் பார்க்கிற பல விஷயங்களில் இது ஒன்று, அதுவும் சிறியது. அதை நம்பி முப்பது எழுத்துப் பெயர் வாங்குவது வீண்.

அப்படியானால் நல்ல டொமைன் எதற்கு உதவுகிறது? உங்கள் விடுதியில் தங்கிப் போனவர் ஊரில் இன்னொருவரிடம் பெயரைச் சொல்கிறார். கேட்டவர் போனை எடுத்துத் தட்டுகிறார். அவர் தட்டும் எழுத்துகள் நேரே உங்களிடம் வர வேண்டும். பெயரை மட்டும் கூகுளில் போட்டாலும் முதல் வரியில் நீங்கள் நிற்க வேண்டும். 'நாகர்கோவில் ஹோட்டல்' என்ற தேடலில் ஆயிரம் பேரோடு மோத வேண்டியிருக்கும். உங்கள் பெயரைத் தேடுபவரோ ஏற்கெனவே உங்களைத்தான் தேடுகிறார். அவரைத் தவறவிடாமல் இருப்பதுதான் டொமைனின் முதல் வேலை. இந்த மாவட்டத்தில் அதற்குத் தடையாக நிற்பது எழுத்துக்கூட்டல்.

ஒரே ஊர், எத்தனையோ எழுத்துக்கூட்டல்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த மண் இது. அதனால் நம் ஊர்ப் பெயர்களில் சில பழைய ஆங்கில வடிவில் உறைந்து கிடக்கின்றன, சில மலையாள முடிவோடு புழங்குகின்றன, சில தமிழ் உச்சரிப்புப்படி எழுதப்படுகின்றன. நாகர்கோவிலின் ஆங்கில வடிவம் 'சி-ஓ-ஐ-எல்' என்று முடிகிறது. காதால் மட்டும் கேட்டவர் யாரும் அப்படி எழுத மாட்டார். குளச்சல் 'சி-ஓ' என்று தொடங்குகிறது. தக்கலையில் 'டி-எச்'-க்குப் பிறகு 'யு' வருகிறது. கன்னியாகுமரியை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் இரண்டு 'என்' போட்டு, பின்னால் 'ஐ-ஒய்' சேர்த்து எழுதுகிறது. சுற்றுலா வருபவர் பெரும்பாலும் ஒரு 'என்', ஒரு 'ஒய்' என்று முடித்துவிடுகிறார். ரயில்வே நிலையக் குறியீடு இன்னும் பழைய ஆங்கிலப் பெயரான கேப் கொமரினின் 'கேப்'தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயரை டொமைனில் வைப்பவர் இந்தக் குழப்பம் முழுவதையும் தன் முகவரிக்குள் ஏற்றிக்கொள்கிறார்.

ஒரு பெயர் எவ்வளவு ஆபத்தானது என்று எளிதாகக் கணக்கிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தெந்த இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்று பார்த்துப் பெருக்குங்கள். தோவாளையை எடுத்துக்கொள்வோம். தொடக்கம் வெறும் 'டி' அல்லது 'டி-எச்': 2 வழி. 'வா'வுக்கு ஒரு 'ஏ' அல்லது இரண்டு: 2 வழி. முடிவில் 'ஏ-ஐ', 'ஏ-ஒய்' அல்லது மலையாள முறைப்படி வெறும் 'ஏ': 3 வழி. ஆக 12 எழுத்துக்கூட்டல். நீங்கள் வாங்கப்போவது அதில் ஒன்றை மட்டும். இதோடு 'பூ' என்று சேர்த்தால் நெடிலுக்கு இன்னும் இரண்டு மூன்று வழி கூடும். இரண்டு 'ஓ' போட்டு எழுதினால் ஆங்கிலத்தில் அது மலத்தைக் குறிக்கும் குழந்தைச் சொல் என்பதையும் வெளிநாட்டுக்குப் பூ அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டும். 'மலர்' என்று வைத்துப் பாருங்கள். யார் எழுதினாலும் பெரும்பாலும் அதே ஐந்து எழுத்துதான் வரும்.

ழ, ள, த, ட, ச, நெடில் உயிர்கள், 'ஐ'யில் முடியும் சொற்கள் எல்லாம் தொல்லை தருபவை. குழித்துறைக்காரர் 'இசட்-எச்' போடுவார், வெளியூர்க்காரர் 'எல்' போடுவார். ம, ல, ர, ன ஆகியவை அதிகம் வரும் குறுகிய சொற்கள் பிழைத்துக்கொள்ளும். 'த'வும் 'ட'வும் செய்யும் குழப்பத்துக்கு நம் மட்டிப் பழமே சாட்சி. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க நினைப்பவர் ஆங்கிலத்தில் 'டி-டி-ஐ' என்று முடிக்காமல் 'டி-எச்-ஐ' என்று முடித்துவிட்டால், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிய உடனே அது 'மத்தி', அதாவது நாம் சாளை என்று சொல்லும் மீன். பழம் தேடுபவர் மீன் பக்கத்திலும், மீன் தேடுபவர் உங்கள் பக்கத்திலும் போய் நிற்பார்கள்.

புவிசார் குறியீடு பெற்ற பெயரையோ, வெறும் ஊரும் பொருளும் சேர்ந்த பெயரையோ வைப்பதில் இன்னொரு பலவீனமும் உண்டு. அதை உங்களுக்கு மட்டுமான வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்வது கடினம், புவிசார் குறியீட்டுப் பெயரென்றால் சட்டமே தடுக்கிறது. நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைத்து அதே பெயரை வாங்கினால் உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

'குமரி', 'நாஞ்சில்' இரண்டும் நமக்கு நெருக்கமான சொற்கள். அதனாலேயே மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பலகையில் அவை இருக்கின்றன. போதாததற்கு, 'குமரி'யின் அதே ஆங்கில எழுத்துக்கூட்டலை வட இந்தியர் 'குமாரி' என்று படிப்பார், அது திருமணமாகாத பெண்ணுக்கு முன்னால் போடும் அடைமொழி. அந்தச் சொல்லைத் தனியாகத் தேடினால் நம் கடல் வராது. தனித்த இன்னொரு சொல்லோடு சேர்ந்தால்தான் இவை பயன்படும். வண்டிப் பதிவு எண்ணை வைத்து 'டிஎன் 74' என்று பெயரிடுவது இளைஞர்களுக்குப் பிடிக்கிறது. டீ-ஷர்ட் கடைக்கு அது சரி. ஆனால் மேற்குப் பகுதிக்காரருக்கு வண்டி எண் 75, சுற்றுலாப் பயணிக்கு இரண்டுமே புரியாது.

ஊர்ப் பெயரே கூடாதா என்றால், அப்படி இல்லை. இடத்தை விட்டு நகரவே முடியாத தொழில் என்றால் வைக்கலாம். முட்டம் கடற்கரை விடுதி எப்போதும் முட்டத்தில்தான் இருக்கும். அப்போதும் வெளியூர்க்காரர் அதிகம் பயன்படுத்தும் எழுத்துக்கூட்டலையே எடுங்கள். கூகுளில் அந்த ஊரைத் தட்டத் தொடங்கியதும் கீழே தானாக வரும் பரிந்துரைகளில் எந்த வடிவம் வருகிறது என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும். நாளைக்குத் திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ கிளை திறக்க வாய்ப்புள்ள தொழிலுக்கு ஊர்ப் பெயர் கால்கட்டு.

போனில் சொல்லிப் பாருங்கள்

பதினைந்து இருபது பெயர்களை எழுதி, மேலே சொன்ன பெருக்கல் கணக்கில் 4-க்கு மேல் போவதை எல்லாம் அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை ஐந்து பேரிடம் போனில் சொல்லுங்கள். ஐவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. சென்னையில் ஒருவர், கேரளத்தில் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், அறுபது வயது தாண்டிய ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர் என்று இருந்தால் நல்லது. பெயரை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும், எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. கேட்டதை ஆங்கிலத்தில் தட்டி வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு ஒரே மாதிரி வந்தால் அந்தப் பெயர் தேறியது. மூன்றுதான் என்றால், அந்த மற்ற எழுத்துக்கூட்டலையும் வாங்கத் தயாராக இருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து கூகுளில் மைக்கை அழுத்தி அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள், தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. புதிதாக உருவாக்கிய சொற்களைக் கூகுள் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும். தட்டும்போதும் இதே சிக்கல் உண்டு. ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் 'புதுமையாக' வைத்த பெயரை, பிழை என்று நினைத்து அதுவே திருத்தி வேறு முடிவுகளைக் காட்டும். உங்கள் பெயரைத் தட்டும் ஒவ்வொரு முறையும் இந்தத் திருத்தம் வந்தால், தொடங்கும் முன்பே வாடிக்கையாளரை வேறொருவருக்கு அனுப்புகிறீர்கள். தளம் வளர்ந்து பலரும் அந்தப் பெயரைத் தேடத் தொடங்கினால் இது சரியாகலாம், ஆனால் முதல் ஆண்டு முழுக்க அடி விழும்.

விதிப்படி ஒரு டொமைன் பெயர் 63 எழுத்து வரை போகலாம். நடைமுறையில் 6 முதல் 14 எழுத்துக்குள் முடித்தால்தான் ஆட்டோவின் முதுகிலும் விசிட்டிங் கார்டிலும் படிக்கிற அளவில் நிற்கும். இரண்டு சொல்லைச் சேர்க்கும்போது ஒட்டுமிடத்தைப் பாருங்கள். 'குமரி'யும் 'இல்லம்'மும் சேர்ந்தால் நடுவில் இரண்டு 'ஐ', உடனே இரண்டு 'எல்'. எத்தனை கோடு என்று எண்ணித்தான் தட்ட வேண்டியிருக்கும். ஹைஃபன் வைத்தால் கூகுளுக்குச் சொற்கள் பிரிந்து தெரியும், அதில் தவறில்லை. ஆனால் போனில் சொல்லும்போது "நடுவுல ஒரு கோடு" என்றால் பாதிப் பேர் அடிக்கோடு போடுவார்கள். டொமைனில் அடிக்கோடுக்கு இடமே இல்லை. எண்களும் அப்படித்தான், '4' என்பதை எண்ணாகப் போடுவதா சொல்லாகப் போடுவதா என்று கேட்டவர் திகைப்பார்.

முகவரியின் கடைசியில் வரும் பின்னொட்டு விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. வாடிக்கையாளர்கள் இந்தியாவுக்குள் என்றால் டாட் இன். அது இந்தியாவுக்கான தளம் என்று கூகுளும் எடுத்துக்கொள்கிறது. கயிறு, கைவினை, மீன் என்று வெளிநாட்டுக்கு அனுப்புபவருக்கு டாட் காம். முடிந்தால் இரண்டையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். முதல் ஆண்டு மலிவாகக் கிடைக்கும் புதுப் பின்னொட்டுகளைக் கூகுள் தாழ்வாக நடத்துவதில்லை. மனிதர்கள்தான் அவற்றை மறந்து டாட் காம் என்று தட்டுகிறார்கள். குப்பை மெயில் அனுப்புபவர்கள் சிலவற்றை அதிகம் பயன்படுத்தியதால், உங்கள் மெயிலும் ஸ்பேமில் விழ வாய்ப்புண்டு. பள்ளி, கல்லூரிகளுக்கு டாட் எஜு டாட் இன், டாட் ஏசி டாட் இன் இருக்கின்றன. இவற்றை மத்திய அரசின் கல்வி வலையமைப்பான எர்நெட் வழியாக ஆவணம் கொடுத்துத்தான் பெற முடியும், பெற்றால் பெற்றோரிடம் அந்த நம்பிக்கைக்குத் தனி மதிப்பு.

தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' டொமைன் வாங்கலாம். உள்ளுக்குள் அது 'எக்ஸ்-என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறித்தான் வேலை செய்கிறது. சில செயலிகளில் பகிரும்போது அந்தக் குறியீடே வெளியே தெரியும், பார்ப்பவர் மோசடி லிங்க் என்று பயப்படுவார். தமிழ் முகவரியில் மெயிலும் எல்லா இடத்திலும் போய்ச் சேராது. மொழிப் பற்றுக்காக வாங்குங்கள், அதை முக்கிய ஆங்கில முகவரிக்குத் திருப்பிவிட்டு வைத்திருங்கள்.

பணம் கட்டும் முன்னும் கட்டிய பின்னும்

பெயர் முடிவானதும் இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் வணிகக் குறித் தேடலில் போட்டுப் பாருங்கள். தொழிலுக்கு ஏற்ற வகுப்பு எண்ணில் தேட வேண்டும்: விடுதி, உணவகம் 43, தேன், மசாலா 30, பூ, பழம் 31, சமையல் எண்ணெய் 29, நகை 14, சுற்றுலா வண்டி 39. எழுத்து மட்டும் பார்த்தால் போதாது, ஒலி ஒன்றுபோல் இருப்பதையும் பாருங்கள். டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே ஒரு 'எஃப்' கூடுதலாக இருந்த பெயரைப் பற்றியதுதான். டாட் இன் பெயர்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் கீழ் தனியாக ஒரு தகராறு தீர்க்கும் முறையும் இருக்கிறது. பெயர் பிடித்துப்போய் பலகை எழுதிய பிறகு நோட்டீஸ் வருவதைவிட, அரை மணி நேரத் தேடல் மலிவு.

அந்த டொமைன் இதற்கு முன் யாரிடமாவது இருந்ததா என்பதையும் பாருங்கள். வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் பழைய பக்கங்கள் தெரியும். சூதாட்டம், போலி மருந்து என்று எதற்காவது ஓடியிருந்தால் வேண்டாம். வாங்கிவிட்டால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் சேர்த்ததும் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியைத் திறந்து, கூகுள் விதித்த பழைய தண்டனை ஏதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் அடிக்கடி நடக்கும் பெரிய இழப்பு பெயர்த் தேர்வால் வருவதில்லை, உரிமையால் வருகிறது. வெப்சைட் செய்து தருபவரே டொமைனையும் தன் கணக்கில், தன் மெயிலில் வாங்கிவிடுகிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, வேலை சீக்கிரம் முடியும் என்று செய்கிறார். மூன்று ஆண்டு கழித்து அவர் வெளிநாடு போய்விட்டால், உங்கள் கடையின் டொமைன் பதிவுப்படி அவருடையதாக நிற்கும். டொமைன் விற்கும் நிறுவனத்தில் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் தொடங்குங்கள். மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், மீட்பதற்கான கடிதமே உங்களுக்கு வராது. டிசைனருக்கு டிஎன்எஸ் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) மாற்றும் அனுமதியை மட்டும் தனியாகக் கொடுக்க முடியும். டாட் காம் வாங்கியதும் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் தளம் முடங்கும்.

விலையைப் பார்க்கும்போது முதல் ஆண்டுச் சலுகையை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையையும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆட்டோ ரினியூவலை மட்டும் நம்ப வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் தனி விதிகள் வந்தன. அவற்றுக்கு உட்படாத வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்கும் தொகையை வங்கி மறுத்துவிடும், உங்களுக்கோ 'ஆட்டோ ரினியூவல் ஆன்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுவது நிம்மதி, 10 ஆண்டு வரை கட்டலாம். நீண்ட காலம் கட்டினால் கூகுளில் ஏறலாம் என்பது மட்டும் உண்மையில்லை. காலாவதியாகிவிட்டால் முதலில் ஒரு சலுகைக் காலம், அதன் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் பலமடங்கு. அப்புறம் 5 நாள், அந்த ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "உங்கள் பெயரை வேறொருவர் பதிவு செய்யப் போகிறார், உடனே பணம் கட்டுங்கள்" என்று முகம் தெரியாதவரிடமிருந்து வரும் மெயில்கள் ஏமாற்று. உங்கள் கணக்கில் நுழைந்து கடைசி தேதியைப் பார்த்தால் போதும்.

வாங்கிய அன்றே ஒரு பக்கமாவது போடுங்கள்: பெயர், என்ன தொழில், முகவரி, போன் எண், திறந்திருக்கும் நேரம். தளத்துக்கும் உலாவிக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, இல்லாத தளத்தில் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டும். 'டபிள்யூ' மூன்றும் சேர்த்தா, இல்லாமலா என்று ஒன்றை முடிவு செய்து மற்றதைத் திருப்புங்கள். பிறகு சர்ச் கன்சோலில் சேருங்கள், டொமைன் உங்களுடையது என்று காட்ட டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி (எழுத்து வரி) பதிவு போட்டால் முடிந்தது.

டொமைனில் வைக்காமல் விட்ட ஊர்ப் பெயர்கள் போக வேண்டிய இடம் இந்தப் பக்கங்கள்தான். தலைப்பில் 'தோவாளை மாலை, நாகர்கோவில் டெலிவரி' என்று தெளிவாக வரட்டும். உள்ளே எழுதும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் வழக்கமான இரண்டு எழுத்துக்கூட்டலிலும் இயல்பாக வந்தால் போதும். 'எப்படி வருவது' என்ற பகுதியே இதற்குப் பொருத்தமான இடம். கன்னியாகுமரியின் எல்லா வடிவத்தையும் கூகுள் ஒன்றாகவே புரிந்துகொள்கிறது. சிற்றூர்களில் அந்தத் தெளிவு இல்லை, அங்கே நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைலில் கடைப் பலகையில் உள்ள பெயரை அப்படியே போடுங்கள். அங்கே 'சிறந்த ஹோம்ஸ்டே கன்னியாகுமரி' என்று வால் சேர்ப்பது விதிமீறல், புரொஃபைலே முடக்கப்படலாம். பலகை, பில், மேப், டொமைன் நான்கிலும் ஒரே பெயர் இருந்தால் இது ஒரே கடைதான் என்று கூகுளுக்குச் சந்தேகம் இருக்காது.

ஏற்கெனவே தவறான பெயரில் நாலைந்து ஆண்டு ஓட்டிவிட்டவர்கள் மாற்றலாம், அவசரப்படாமல் மாற்ற வேண்டும். பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புதியதில் அதற்கு இணையான பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் முறையில் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால் உள்பக்கங்கள் சேர்த்த மதிப்பு போய்விடும். சர்ச் கன்சோலில் இரண்டு டொமைனையும் சேர்த்து, 'சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்' கருவியில் தெரிவியுங்கள். சில வாரம் தேடல் வருகை ஏறி இறங்கும். டிசம்பர், ஜனவரி சபரிமலைக் கூட்டம் கன்னியாகுமரிக்கு வரும் நேரத்தில் விடுதிக்காரர் இதில் கை வைக்கக் கூடாது. மழைக்கால மந்தத்தில் செய்யுங்கள். பழைய டொமைனைக் குறைந்தது ஓராண்டு திருப்பியபடி வைக்கச் சொல்கிறது கூகுள். பழைய விசிட்டிங் கார்டுகள் ஊரில் புழங்கும் வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது நல்லது.

பிளக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது முகவரியை வாயால் சொல்லாமல் வாட்ஸப்பில் தட்டி அனுப்புங்கள், முழுவதும் சிறிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். சில எழுத்துருக்களில் பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் ஒரே கோடாகத் தெரியும். ப்ரூஃப் வந்ததும், அந்தப் படத்தைப் பார்த்து வீட்டில் வேறொருவரை அவர் போனில் தட்டச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் திறந்த பிறகு அச்சுக்குச் சரி சொல்லலாம்.